வாயைத் திறங்க பாட்டி!

புற்றுநோயைக் கண்டுபிடிக்கப் பெரிய மருத்துவமனை வேண்டும், லட்சக்கணக்கான வெள்ளி மதிப்புள்ள கருவி வேண்டும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஒரு புற்றுநோய்க்கு மட்டும் இதெல்லாம் தேவையில்லை. ஒரு கைவிளக்கு, ஒரு சின்னக் கண்ணாடி, பழகிய இரண்டு கண்கள் இருந்தால் போதும். ஐந்து நிமிட வேலை. ரத்தம் எடுக்க மாட்டார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. வாயைத் திறந்து காட்டினால் சரி.

வாய்ப்புற்றுநோயைத்தான் சொல்கிறோம். கண்ணுக்கு எட்டும் இடத்தில் வளர்கிற நோய் இது. பெரும்பாலும் புற்றாக மாறுவதற்கு முன்பே வெள்ளைத் திட்டாகவோ சிவப்புத் திட்டாகவோ தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆனாலும் மலேசியாவில் இந்த நோய் யாரை அதிகம் தாக்குகிறது என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் அறிக்கைகளைப் புரட்டினால், திரும்பத் திரும்ப ஒரே பதில்தான் கிடைக்கிறது: இந்தியப் பெண்கள்.

ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் என்று பேராக்கில் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இதைப் படிக்கும்போது ஒரு முகம் நினைவுக்கு வரலாம். கன்னத்தில் ஒரு பக்கம் எப்போதும் சற்று உப்பியிருக்கும் பாட்டி. இடுப்பில் செருகிய சுருக்குப் பை. அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை.

அந்தப் பாட்டியின் வாயைப் பற்றி உலகம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வந்திருக்கிறது. ஜப்பான், ஸ்வீடன், பிரான்ஸ், இந்தியா, இலங்கை, பிரிட்டன் ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் நம் நாட்டவரோடு கைகோத்துச் செய்த வேலை அது. அந்த அறிவெல்லாம் இன்று புந்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் பாட்டியிடம் வந்து சேர்ந்திருக்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

தோட்டத்தோடு வந்த பழக்கம்

கோலகங்சாரில் 1877-இல் ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகளில் இருந்து பேராக்கின் ரப்பர் கதை தொடங்குகிறது. அடுத்த சில பத்தாண்டுகளில் காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள்கட்டிக் கொண்டுவந்த நம் முன்னோர், துணிமூட்டையோடு வெற்றிலை போடும் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள்.

ஊரில் அது விருந்துக்குப் பின்னால் போடும் தாம்பூலம். தோட்டத்தில் அது வேலைக்கான துணையாயிற்று. விடியும் முன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும். வெளிச்சம் வருவதற்குள் பால்மரம் வெட்டத் தொடங்க வேண்டும். பசியை அடக்க, களைப்பை மறக்க, பல்வலியைப் பொறுக்க என்று எல்லாவற்றுக்கும் வாயில் ஒரு வெற்றிலைச் சுருள். ஆண்களுக்கு அதோடு சுருட்டும், கள்ளும், சம்சுவும் சேர்ந்துகொண்டன. பெண்கள் பலர் புகையிலையை வெற்றிலையோடு சேர்த்து மென்றார்கள். சிலர் அதைக் கன்னத்தில் அடக்கியபடியே தூங்கிப் போவார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் பண்பாட்டில் வெற்றிலைக்கு இருக்கும் மரியாதையைக் குறை சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை. தாம்பூலத் தட்டு கல்யாணத்தில் இருக்கட்டும், கோயிலில் இருக்கட்டும். ஆண்டுக்கணக்கில், நாளுக்குப் பல தடவை, பாக்கும் புகையிலையும் வாய்த்தோலில் உரசிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

எண்ணத் தொடங்கிய காலம்

ஒரு நோயை ஒழிக்க வேண்டுமானால் முதலில் அதை எண்ண வேண்டும். மலாயாவில் அந்த வேலையை முன்னெடுத்தவர்கள் ஆய்வுக்கூடத்து மருத்துவர்கள். 1960-இல் ஏ.டி.எச். மார்ஸ்டன் என்பவர் மலாயாவின் மருத்துவ ஏட்டில், வெற்றிலைப் புற்று என்று தலைப்பிலேயே பெயரிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் கே. ராமநாதன் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். நாட்டு மக்கள் தொகையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருந்த இந்தியர்கள், வாய்ப்புற்று நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களாக இருந்தது அந்தக் காலத்து மருத்துவப் பதிவுகளில் வெளிப்பட்டது.

அதே வேளையில் உலகச் சுகாதார நிறுவனமும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா, மத்திய ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாய், தொண்டைப் புற்றுநோய் எப்படிப் பரவியிருக்கிறது என்று ஆராய்ந்த முடிவுகள் 1966-இல் அந்நிறுவனத்தின் ஏட்டில் வந்தன. நாடு எதுவானாலும், வெற்றிலைச் சுருளை மெல்லும் பழக்கம் எங்கே வேரூன்றியிருந்ததோ அங்கே நோயும் இருந்தது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் 1965-இல் தொடங்கப்பட்ட அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை பிரான்சின் லியோன் நகரில் இருக்கிறது. எந்தப் பொருள் புற்றுநோயைத் தரும் என்று பல நாட்டு வல்லுநர்கள் கூடி ஆதாரங்களை அலசி முடிவு சொல்லும் இடம் அது. புகையிலை சேர்த்த வெற்றிலைச் சுருள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று 1985-இல் அது அறிவித்தது. 2003-இல் மீண்டும் கூடிய வல்லுநர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலைச் சுருளும் புற்றுநோய் தரும்; பாக்கு, தன்னளவிலேயே புற்றுநோய் தரும் என்றார்கள்.

இந்த இரண்டாவது முடிவு நம் வீடுகளுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. “நான் போயிலை போடுறதில்லப்பா, வெறும் பாக்குதான்” என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளும் அம்மாக்கள் எத்தனை பேர்! புகையிலையை விட்டது நல்லதுதான். ஆனால் பாக்கு பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. வாய்த்தோல் நார் நாராக இறுகி, கடைசியில் இரண்டு விரல்கூட நுழைய முடியாதபடி வாய் சுருங்கிப் போகும் நோய்க்கு முக்கியக் காரணமே பாக்குதான். அந்த இறுக்கம் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம்.

யார் பார்ப்பது?

காரணம் தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, லட்சக்கணக்கானவர்களின் வாயை யார் பார்ப்பது? ஏழை நாடுகளில் அத்தனை பல் மருத்துவர்களுக்கு எங்கே போவது?

இதற்கு முதலில் விடை தேடியது இலங்கை. அங்கே அடிப்படைச் சுகாதாரப் பணியாளர்கள் 34 பேருக்கு வாயைப் பரிசோதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் ஓராண்டில் 28,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். சந்தேகத்துக்குரியவர்கள் என்று அவர்கள் அடையாளம் காட்டியதில் பெரும்பாலும் தவறில்லை என்று பின்னர் மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். 1984-இல் வெளிவந்த அந்த ஆய்வில் கவலை தரும் ஒரு செய்தியும் இருந்தது. மருத்துவரிடம் போகச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே போனார்கள்.

அடுத்து கேரளா. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையமும் லியோன் முகமையும் சேர்ந்து 1990-களின் நடுவில் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கின. 13 பகுதிகளைப் பிரித்து, சிலவற்றில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். மற்றவற்றில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். மொத்தம் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர். டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான குழு 2005-இல் ‘லான்செட்’ ஏட்டில் முடிவை வெளியிட்டது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, வாய்ப்புற்றுநோயால் ஏற்படும் மரணம் பரிசோதனை நடந்த பகுதிகளில் 34 விழுக்காடு குறைந்திருந்தது. கைவிளக்கும் கண்ணும் மட்டுமே கொண்டு கிடைத்த பலன் இது. இங்கேயும் அதே குறை. மருத்துவரிடம் அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினரே போனார்கள்.

பழக்கத்தை விட்டால் பயன் உண்டா என்பதையும் இந்தியாதான் காட்டியது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பி.சி. குப்தாவும் சகாக்களும் கிராமப்புறங்களில் 36,000 புகையிலைப் பயனர்களிடம் பேசிப் புரியவைத்து, அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அறிவுரை கேட்டுப் பலர் பழக்கத்தை விட்டார்கள், குறைத்தார்கள். புற்றுக்கு முந்திய திட்டுகள் புதிதாகத் தோன்றுவதும் குறைந்தது. இது 1986-இல் வெளிவந்தது.

ஒரே கண்ணால் பார்த்த ஐந்து மாதம்

இதே குப்தா நம் நாட்டு ஆய்வு ஒன்றிலும் பங்கெடுத்தார். 1993, 1994-ஆம் ஆண்டுகளில் ஐந்து மாத காலம், நாட்டின் 14 மாநிலங்களிலும் 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாயைப் பல் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரொஸ்னா ஜைன் முன்னின்ற அந்த ஆய்வில், ஜப்பானைச் சேர்ந்த இக்கேடா, ஸ்வீடனில் 20,000-க்கும் மேற்பட்டோரின் வாயை ஆராய்ந்த அனுபவம் கொண்ட டோனி ஆக்செல் ஆகியோரும் இருந்தார்கள்.

வாயைப் பார்ப்பதற்கு எதற்கு இத்தனை நாட்டு ஆட்கள் என்று கேட்கலாம். ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்து ஒரு மருத்துவர் புற்றுக்கு முந்திய நிலை என்பார். இன்னொருவர் பல் உரசிய தழும்பு என்பார். பெர்லிஸில் ஒரு கணக்கு, ஜொகூரில் ஒரு கணக்கு என்றாகிவிட்டால் அந்தப் புள்ளிவிவரத்தால் பயனில்லை. எல்லா மருத்துவர்களும் ஒரே அளவுகோலில் பார்க்கப் பழக வேண்டும். அனைத்துலக ஒத்துழைப்பு என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதன் சாரம் பல நேரங்களில் இதுதான். பணத்தையும் இயந்திரத்தையும்விட, ஒருவர் கற்ற பார்வையை இன்னொருவருக்குக் கைமாற்றுவது.

அந்த ஆய்வு சொன்னது என்ன? புற்றுக்கு முந்திய நிலை இந்தியர்களிடம் 4 விழுக்காடு. சீனர்களிடம் 0.5 விழுக்காடு. எட்டு மடங்கு வித்தியாசம்! சபா, சரவாக் பூர்வகுடி மக்களிடமும் 2.5 விழுக்காடு இருந்தது. இனி நாடு முழுக்க ஒரே மாதிரி தேட வேண்டியதில்லை, எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. 1990-களின் பிற்பகுதியில் சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுக்கள், ஆபத்து அதிகமுள்ள சமூகங்களைத் தேடிப் போகும் திட்டம் உருவானது. இந்தியர்கள் வாழும் தோட்டங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன.

பட்டியல் இருந்தது, தோட்டம் இல்லை

ஆனால் அந்தப் பட்டியல் உருவான காலத்திலேயே தோட்டங்கள் கரைந்துகொண்டிருந்தன.

இது நமக்குப் புதிய கதையில்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, சுங்கை சிப்புட்டின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டாளிகளிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1980-களிலும் 90-களிலும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலங்கள் கைமாறின. லயங்கள் காலியாயின. பேராக்கின் தோட்டங்களில் பிறந்தவர்கள் ஈப்போவின் புந்தோங், சிலிபின் பக்கம், சுங்கை சிப்புட் மலிவு வீடுகள், கிள்ளான் பள்ளத்தாக்கு என்று சிதறிப் போனார்கள்.

தோட்டம் போனது. வெற்றிலைப் பை கூடவே வந்தது.

தோட்டத்தில் எல்லாருடைய முகமும் எல்லாருக்கும் தெரியும். வாயில் புண்ணென்றால் டிரெஸ்ஸரிடம் போவார்கள். பல் மருத்துவக் குழு வந்தால் கோயில் முன்னால் ஒரே நாளில் அத்தனை பேரையும் பார்த்துவிடலாம். அடுக்குமாடியின் நான்காவது மாடியில், மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு தனியாக இருக்கும் பாட்டியை எந்தக் குழு தேடி வரும்? தோட்டத்தின் பெயரால் போட்ட பட்டியலில் அவர் இப்போது இல்லை.

காலியான லயங்களில் வேறு மக்கள் வந்துவிட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பாக்கு மெல்லும் பழக்கம் வேரோடியிருக்கும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் இன்று நம் நாட்டில் உழைக்கிறார்கள். நூறாண்டுகளுக்கு முன் நம் முன்னோர் இருந்த இடத்தில்தான் அவர்கள் இன்று இருக்கிறார்கள்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடமே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கியது. நியூசிலாந்தில் நடந்துகொண்டிருந்த பள்ளிப் பல் தாதியர் முறையைப் பார்த்து இங்கே கொண்டுவந்த திட்டம் அது. அன்று விதைத்ததன் பலனாக, இன்றும் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பல் மருத்துவக் குழு வருகிறது. பிள்ளைகள் வரிசையில் நின்று வாயைத் திறந்து காட்டுகிறார்கள். பள்ளியில் படித்த நம் எல்லாருக்கும் அந்த நாற்காலியும் அந்த மருந்து வாசனையும் நினைவிருக்கும்.

பேரனின் வாயைப் பள்ளிக்கே போய் அரசாங்கம் பார்க்கிறது. பாட்டியின் வாயைப் பார்க்கத்தான் ஆளில்லை. ஆறாம் வகுப்பையும் ஐந்தாம் படிவத்தையும் முடித்த பிறகு, பல் வலித்தால் மட்டுமே நம்மில் பெரும்பாலோர் பல் மருத்துவரைத் தேடுகிறோம். வாய்ப்புற்றோ ஆரம்பத்தில் வலிப்பதில்லை.

கைத்தொலைபேசிக்குள் ஒரு கண்

இந்த இடைவெளியை அடைக்கத்தான் இப்போது புதிய முயற்சி ஒன்று நடக்கிறது. மலேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான கேன்சர் ரிசர்ச் மலேசியாவில் பேராசிரியர் சியோங் சோக் சிங் தலைமையிலான குழு, மலாயாப் பல்கலைக்கழகத்தோடும் பிரிட்டனின் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து ‘மெமோசா’ என்ற கைத்தொலைபேசிச் செயலியை உருவாக்கியது. சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாயின் உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பினால், வேறு ஊரில் இருக்கும் நிபுணர் பார்த்து, உடனே வரச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். இதே படங்களைக் கொண்டு, சந்தேகத்துக்குரிய திட்டுகளைத் தானே இனங்காணச் செயற்கை நுண்ணறிவுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள்.

இது குறித்து 2020-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் மலேசியா, பிரிட்டன், இலங்கை, இந்தியா, நேப்பாளம், இந்தோனேசியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் கைகோத்திருக்கிறார்கள். காரணம் எளிது. கணினிக்குக் கண் பழக ஆயிரக்கணக்கான படங்கள் வேண்டும். வெவ்வேறு தோல் நிறம், வெவ்வேறு பழக்கம், வெற்றிலைக் கறை படிந்த வாய், படியாத வாய் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரே நாட்டில் அத்தனையும் கிடைக்காது.

தொழில்நுட்பத் துறையில் வேலை செய்யும் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆனால் செயலி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அதன் முன்னால் வந்து வாயைத் திறந்தவரைத்தான் அதனால் பார்க்க முடியும்.

பார்த்த பிறகு?

இலங்கையும் கேரளாவும் சொன்ன எச்சரிக்கையை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கண்டுபிடிப்பது முதல் படிதான். அதற்குப் பிறகு சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி, அறுவைச் சிகிச்சை, தேவைப்பட்டால் கதிரியக்கம், பிறகு பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி என்று ஒரு சங்கிலி இருக்கிறது. ஒரு கண்ணி அறுந்தாலும் முந்தியவை எல்லாம் வீண்.

நாட்டின் மொத்தக் கணக்கைப் பாருங்கள். 2007 முதல் 2011 வரை பதிவான புற்றுநோயாளிகளில் மூன்றாம், நான்காம் கட்டத்தில் கண்டறியப்பட்டவர்கள் 58.7 விழுக்காடு. 2012-2016 அறிக்கையில் அது 63.7. 2017-2021 அறிக்கையில் 65.1. மருத்துவம் முன்னேறுகிறது, மருத்துவமனைகள் பெருகுகின்றன. நாம் போய்ச் சேரும் நேரம் மட்டும் பின்னுக்குப் போகிறது.

வாய்ப்புற்றில் இந்தத் தாமதத்துக்கு விலை அதிகம். சின்னத் திட்டாக இருக்கும்போது ஒரு சிறு அறுவையோடு முடிகிற காரியம், முற்றிய பிறகு தாடையின் ஒரு பகுதியையும் கழுத்தில் உள்ள நெறிகளையும் எடுக்கிற அளவுக்குப் போகும். அதற்குப் பிறகு கதிரியக்கம் என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். வெளியூர்ப் பெரிய மருத்துவமனையில் சிகிச்சை என்றால், கூடப் போகும் மகளின் வேலை என்னாவது? வாடகைக்கும் வண்டிச் செலவுக்கும் எங்கே போவது? சிகிச்சையைப் பாதியில் விடுபவர்களை எல்லாம் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. பலர் கணக்குப் போட்டுப் பார்த்து நிறுத்துகிறார்கள்.

2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. தகுதியுள்ள பி40 பிரிவினர் அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும்போது, போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரையும், சிகிச்சையை முழுமையாக முடிப்பதற்கு 1,000 வெள்ளி வரையும் உதவித்தொகைக்கு அது வழி செய்தது. பெரிய தொகையில்லைதான். ஆனால் ‘பஸ் காசு இல்லை’ என்ற காரணத்துக்காக ஒருவர் சிகிச்சையை விடாமல் காக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால், மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைப் பார்த்து, தகுதி உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே தொடங்கலாம்

ஐம்பது வயதைத் தாண்டிய, வெற்றிலை போடும் அல்லது போட்டுக்கொண்டிருந்த, புகைக்கும், மது அருந்தும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தச் சின்ன வேலையைச் செய்யுங்கள். பல்செட் போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசி விளக்கைப் போட்டு, உதட்டின் உட்புறம், இரண்டு கன்னங்களின் உட்புறம், ஈறு, நாக்கின் இரு ஓரங்கள், நாக்குக்கு அடியில், அண்ணம் என்று வரிசையாகப் பாருங்கள். வெற்றிலையை வழக்கமாக எந்தப் பக்கம் அடக்குவார் என்று கேட்டு, அந்தப் பக்கத்தை இரண்டு முறை பாருங்கள். கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, தடிப்பு, காரணமின்றி ஆடும் பல், திடீரென்று பொருந்தாமல் போன பல்செட், காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், முன்பு போல வாயைத் திறக்க முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். வீட்டில் பார்ப்பது மருத்துவர் பார்ப்பதற்கு ஈடாகாது. உங்கள் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை என்றாலும், ஆண்டுக்கொரு முறை பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. போகும்போது ‘பல் பிடுங்க வந்தோம்’ என்று மட்டும் சொல்லாமல், ‘வெற்றிலை போடுகிறவர், வாய் முழுவதையும் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அந்த ஒரு வாக்கியம் மருத்துவரின் பார்வையையே மாற்றும். மேற்கொண்டு சோதனை தேவைப்பட்டால், ஈப்போ வட்டாரத்தினரை ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் வாய் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

பயாப்சி என்றதும் ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துவார்கள். கத்தி பட்டதால் அது பரவுவதில்லை. கத்தி படத் தாமதமானதால்தான் பரவுகிறது.

தனியொரு குடும்பத்தால் முடியாததைச் சங்கங்கள் செய்யலாம். நம்மிடம் கோயில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது, இளைஞர் இயக்கம் இருக்கிறது. திருவிழாவுக்கு அன்னதானம் ஏற்பாடு செய்யத் தெரிந்த நமக்கு, மாவட்டப் பல் மருத்துவ அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, மண்டபத்தில் ஒரு நாள் வாய்ப் பரிசோதனை நடத்துவது முடியாத காரியமா? அடுக்குமாடிக் குடியிருப்பில் வெற்றிலை போடும் முதியவர்கள் யார் யார் என்று பெயர் எழுதிக் கொடுத்தாலே, கரைந்துபோன தோட்டப் பட்டியலுக்குப் பதிலாகப் புதிய பட்டியல் ஒன்று கிடைத்துவிடும். துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனது போல, இனி மாடி மாடியாகப் போக வேண்டியதுதான்.

மார்ஸ்டன் காலத்திலிருந்து இன்றைய செயலி வரை, உலகம் இந்த நோயைப் பற்றிக் கற்றதில் பெரும்பகுதி, தெற்காசியாவிலும் மலாயாவிலும் ஏழை எளிய மக்கள் வாயைத் திறந்து காட்டியதால் கற்றது. அவர்களில் நம் பாட்டிமாரும் உண்டு. அவர்கள் கொடுத்த அறிவு திரும்ப அவர்களிடமே வந்து சேர வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கேளுங்கள். “இந்த வயசுல என்னத்தடா பார்க்கப் போறே?” என்று பாட்டி சிரிப்பார். சிரிக்கட்டும். சிரிக்கும்போது வாய் திறந்துதானே இருக்கும்! விளக்கைப் போட்டுப் பாருங்கள்.